டிரெய்லரைப் பின்னால் எடுக்கிற விதம்

டிசம்பர் 9, திங்கள்

நர்ஸ் ரெஜினா இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரை எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன், சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேர்ந்தது, காய்ச்சல் அடித்ததா என்று நாள்தோறும் எழுத வேண்டுமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், வந்தால் ஆறாது என்று இரண்டு தடவை சொன்னார்.

காலை 6, இடது பக்கம். 8, மல்லாக்க. 10.15, வலது பக்கம். 12, இடது பக்கம். காய்ச்சல் இல்லை.

"எப்படிம்மா விழுந்தார்?" என்று நர்ஸ் கேட்டார்.

"டிரெய்லர்ல மாட்டுக்கு ஏத்துன சோளத்தட்டு லோடு மேல நின்னாருங்க. மழை ஈரம். வழுக்கிருச்சுங்க."

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். அக்டோபரில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே நான் கிள்ளினாலும் அவருக்குத் தெரிவதில்லை.

வீட்டில் கூடமாட ஆள் யார் இருக்கிறார்கள் என்றும் நர்ஸ் கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

6, 8, 10, 12 சரியாகத் திருப்பினேன்.

சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்ட உத்தரவு வந்துவிட்டது. ஜனவரி எட்டாம் தேதி. இரண்டு ஏக்கர், எப்படியும் பத்து லோடு வரும். வெட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். டிராக்டரும் டிரெய்லரும் வாசலில் நிற்கின்றன. ஓட்டத்தான் ஆள் இல்லை.

டிசம்பர் 16, திங்கள்

நான்கு நாட்களாக ஆள் தேடுகிறேன். சீசனில் டிரைவர் யாரும் சும்மா இருப்பதில்லை. திருப்பூரில் இருக்கும் கொழுந்தன் ஈஸ்வரமூர்த்திக்குப் போன் செய்தேன். "லீவு கெடைக்காதுங்க அண்ணி" என்றார். பக்கத்துக் காட்டு அர்த்தனாரியண்ணனிடம் கேட்டேன். அவருக்கே வண்டி இல்லை, அவர் கரும்பும் எங்கள் கரும்போடுதான் வெட்டுக்கு வருகிறது.

வெட்டின கரும்பு காட்டில் கிடந்தால் காய்ந்து போகும். வெட்டாமல் விட்டால் பூத்துப் போகும்.

இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது மோட்டுவளையைப் பார்த்தபடியே, "நீ ஓட்டு" என்றார்.

"நானுங்களா?"

"வேற ஆரு இருக்கறா?"

டிசம்பர் 17, செவ்வாய்

கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். அங்கிருந்தே சொல்லித் தந்தார். சாவி, கியர், ஆக்சிலேட்டர் எல்லாம் எனக்கு ஓரளவு தெரியும். அவர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கிளச்சை மெதுவா உடு. மெதுவா. கால்ல முள்ளுக் குத்துன மாதிரி வெடுக்குன்னு எடுக்காதே."

மூன்றாவது தடவை கால் வெடுக்கென்று விட்டுவிட்டது. வண்டி ஒரு குதி குதித்து நின்றது. கட்டிலைப் பார்த்தேன். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "ம். மறுக்கா எடு" என்றார்.

டிசம்பர் 20, வெள்ளி

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டப் பழகினேன். ஒரு கைப்பிடி அளவு தள்ளி நின்றாலும் இரண்டையும் இணைக்கிற இரும்புப் பின் துளையில் இறங்காது. இறங்கிப் பார்த்து, ஏறி நகர்த்தி, மறுபடி இறங்கிப் பார்த்து, பதினொரு தடவை. அந்தப் பின்னை மாட்டினதும் அதன் அடியில் பூட்டுக்கம்பி போட மறக்கக் கூடாது என்றார். ரோட்டுக்குப் போகுமுன் பின்சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி சுழன்றுவிடும். இறக்கத்தில் கிளச்சை மிதிக்கவே கூடாது, பாரம் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அவர் இத்தனை பேசி இரண்டு மாதம் ஆகிறது. மத்தியானம் இரண்டு களி உருண்டை சாப்பிட்டார்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று பெட்டியை, அதாவது டிரெய்லரை, பின்னால் எடுப்பது. இதுதான் கஷ்டம்.

"பெட்டி எடது பக்கம் போகோணும்னா ஸ்டேரிங்கை வலது பக்கம் ஒடி. வலது பக்கம் போகோணும்னா எடது பக்கம்."

தலைக்குப் புரிகிறது, கைக்குப் புரியவில்லை. டிரெய்லர் ஒரு பக்கம், டிராக்டர் ஒரு பக்கம் என்று முழங்கை மாதிரி மடங்கிக்கொண்டது. மாட்டுக்கொட்டகைத் தூணில் இடித்து ஒரு ஓடு விழுந்தது. நான் பயந்துபோனேன். அவர் சிரித்தார். வயிறு குலுங்காமல் தொண்டையில் மட்டும் வருகிற சிரிப்பு. ஆனாலும் சிரிப்புதான்.

டிசம்பர் 23, திங்கள்

மழை. ஓட்டவில்லை.

ஜனவரி 2, வியாழன்

காலி டிரெய்லரோடு வாய்க்கால் ரோட்டில் போய்விட்டு வந்தேன். அவர் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். எங்கே கியர் மாற்றினாய், பாலத்துத் திருப்பத்தில் எவ்வளவு அகலம் எடுத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சத்தத்தை வைத்தே, "ரெண்டாவதுல போயிருக்க, மூணு போட்டிருக்கோணும்" என்றார். அது சரிதான்.

ஜனவரி 8, புதன்

முதல் லோடு. அர்த்தனாரியண்ணன் துணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எட்டு டன் பின்னால் இருக்கும்போது டிராக்டர் வேறு வண்டி. வாய்க்கால் மேட்டு ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சீராக ஏற்றிவிட்டேன்.

ஆலையில் எடை மேடைக்கு முன் நாற்பது வண்டி வரிசை. பெண் என்று நான் ஒருத்திதான். வீடு திரும்பும்போது மத்தியானம் மூன்று மணி. நான் இல்லாத நேரத்தில் அர்த்தனாரியண்ணன் சம்சாரம் பன்னிரண்டு மணிக்கு வந்து அவரைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

"எப்பிடிப் போச்சு?" என்றார் அவர்.

"செத்துப் பொழைச்சனுங்க" என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

மூன்றாவது லோடு. இன்று தனியாகப் போனேன். ஆலை ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். காலை வெயில் அவற்றுக்கு நடுவில் விழுகிறது. பாரத்தோடு வண்டி ஒரே சீராக உறுமிக்கொண்டு போகும்போது உட்காரும் இடத்தில் ஒரு அதிர்வு இருக்கும். அது தோள்வரை ஏறும். எதிரில் வந்த பஸ் டிரைவர் வழிவிட்டு நின்று கையைக் காட்டினார். நானும் காட்டினேன். பாட்டு ஒன்று வாயில் வந்தது.

இதை எதற்கு இந்த நோட்டில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. காலை 6, இடது பக்கம். 6.45, மல்லாக்க.

ஜனவரி 11, சனி

இறக்குகிற மேடைக்கு டிரெய்லரைப் பின்னால் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் வண்டிகள், டிரெய்லர் நுழைந்தால் பக்கத்துக்கு ஒரு முழம்தான் மிஞ்சும். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து எடுத்தேன். ஒரே தடவையில் போய் நின்றது. மேடையில் இருந்தவர், "அக்கா எந்த ஊரு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து வாசலில் விடும்போது அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நேராக வந்துகொண்டிருந்த டிரெய்லர் கடைசியில் கொட்டகைப் பக்கம் சாய்ந்துவிட்டது.

"ஒடி, ஒடி, அந்தப் பக்கம் ஒடி! எத்தன தடவ சொல்றது உனக்கு!"

நான்கு தடவை எடுத்தேன். அவர் குரல் வாய்க்கால்வரை கேட்டிருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜனவரி 13, திங்கள்

ஐந்தாவது லோடு. வீட்டு வாசலில் இன்றும் சரியாக வரவில்லை. மூன்று தடவை.

ஜனவரி 15, புதன்

மாட்டுப்பொங்கல். வெட்டு இல்லை. வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தேன். இரண்டு மாட்டுக்கும் வைத்ததும் அவரைப் பார்த்தேன். "டிரெய்லருக்கும் வெய்யி" என்றார். வைத்தேன்.

"இன்னம் ரெண்டு வருசம் ஆகும் உனக்குக் கை பழக" என்றார்.

"ஆமாங்க."

ஜனவரி 18, சனி

ஏழாவது லோடு. இன்று ஆலையில் வரிசை ரொம்ப நீளம். வீடு திரும்பும்போது மத்தியானம் மூன்றே கால் மணி ஆகிவிட்டது. அர்த்தனாரியண்ணன் சம்சாரம் கோபி டவுனுக்குப் போயிருந்தார், வர முடியவில்லையாம். காலை ஏழு மணிக்குத் திருப்பிப் போட்ட மாதிரியே என் வீட்டுக்காரர் படுத்திருந்தார்.

"வரிசைங்க" என்றேன்.

"ம்" என்றார்.

ஜனவரி 20, திங்கள்

நர்ஸ் வந்தார். இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் கறுத்திருக்கிறது. நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் பிய்ந்திருக்கிறது. நேற்று சிவப்பாகத்தான் இருந்தது.

"எவ்வளவு நேரம் திருப்பாம இருந்தீங்க?"

"மூணு மணி நேரம் இருக்குமுங்க."

எட்டு மணி நேரத்தை மூன்றாக்கிச் சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்தார். பிறகு மருந்து வைத்துக் கட்டு போடச் சொல்லித் தந்தார். அவருக்கு வலி தெரியாது. அதனால் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார்.

சனிக்கிழமை வரிசை நீளமில்லை, எங்கள் லோடைப் பத்தரைக்கே இறக்கிவிட்டேன். அர்த்தனாரியண்ணன் கரும்பு வெட்டிக் கிடந்தது. ஒரு லோடு கொண்டுபோய்த் தருகிறாயா என்று கேட்டிருந்தார். மறுத்திருக்கலாம்.

ஜனவரி 23, வியாழன்

அர்த்தனாரியண்ணன் அவரைப் பார்க்க வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன்.

"உன்ற சம்சாரம் ஆலை யார்டுல பெட்டியைப் பின்னால எடுக்கறதப் பாக்கோணும் நாச்சிமுத்து. ஒரே வாங்கு. இருவது வருசம் ஓட்டுனவன் அத்தன பேரும் எறங்கி நின்னு பாக்கறான். சனிக்கெழம என்ற லோடையும் அதுதான் கொண்டுபோய்ச் சேத்துச்சு, இல்லீன்னா என்ற பாடு சிரமந்தான்."

அவர் என்ன பதில் சொன்னார் என்று என் காதில் விழவில்லை. அர்த்தனாரியண்ணன் காப்பி குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன். புகழ்ந்துதான் சொன்னார்.

ஜனவரி 24, வெள்ளி

ஒன்பதாவது லோடு போட்டுவிட்டு ஒரு மணிக்கு வந்துவிட்டேன். வாசலில் டிரெய்லரைப் பின்னால் எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொட்டகைத் தூணில் லேசாக இடித்தேன்.

"இன்னம் எத்தன நாளைக்கு இந்தக் கூத்து?"

நான் வண்டியை அணைத்தேன்.

"எடு. ஒழுங்கா எடு. நான் பாக்கோணும்."

முன்னால் எடுத்து ஒரே வளைவில் கொண்டுபோய் நிறுத்தினேன். தூணுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் சாண் இடைவெளி. அவர் எப்போதும் நிறுத்துகிற அதே இடம். இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

மெதுவாகத்தான் சொன்னார். "உன்ற இந்தக் காலு வெடுக்குன்னு கிளச்சை உட்டுத்தான் என்ற முதுகு போச்சு. இப்ப அதே காலு நல்லாப் பழகிருச்சு."

மருந்து வைக்க அவரைத் திருப்பினேன். என் கையைத் தட்டிவிடவில்லை. தட்டிவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 25, சனி

அக்டோபரில் நடந்ததை எழுதுகிறேன். இதை நர்ஸ் படிக்கப் போவதில்லை, வேறு நோட்டு வாங்கி அவருக்குக் காட்டிக்கொள்கிறேன்.

அன்று வேலைக்கு ஆள் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். நான் கீழிருந்து தட்டுக்கட்டைத் தூக்கிக் கொடுத்தேன், அவர் லோடின் மேல் நின்று அடுக்கினார். ஒரு குவியல் முடிந்ததும் அடுத்த குவியலுக்கு வண்டியை நகர்த்த வேண்டும். அவர் இறங்கி ஏற அலுப்புப் பட்டார். "நீயே நகத்து புள்ள. மொதக் கியரைப் போட்டுக் கிளச்சை உட்டாப் போதும்" என்றார். அதற்கு முன்பும் இரண்டொரு தடவை செய்திருக்கிறேன். அன்று காலில் சேறு. வழுக்கியதா, நான்தான் விட்டேனா தெரியாது. வண்டி குதித்தது. திரும்பிப் பார்த்தபோது லோடின் மேல் அவர் இல்லை.

ஆம்புலன்ஸில் போகும்போது அவர்தான் என் சேலை நுனியைப் பிடித்து இழுத்துச் சொன்னார். "நானா வழுக்கி உழுந்துட்டன்னு சொல்லு. எவங்கிட்டயும் வேற பேசாதே."

மூன்று மாதம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை. நான் தவறாக எடுக்கும்போது திட்டினார், சிரித்தார், சாப்பிட்டார். வண்டி இன்னும் அவருடையதாக இருந்தது. அதனால்தான் வேண்டுமென்றே தூணில் இடித்தேன். பாவம் பார்த்துச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஆலை ரோட்டில் போகும்போது அவர் நினைப்பு எனக்கு வந்ததா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

ஜனவரி 28, செவ்வாய்

கடைசி லோடு. புண் இப்போது உள்ளே குழியாக இருக்கிறது. வாடை வருகிறது. கஞ்சி மட்டும் குடிக்கிறார், அதுவும் பாதி.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஈஸ்வரமூர்த்தி வந்தார். லீவு கிடைத்திருக்கிறது. கூட அந்தியூரிலிருந்து ஒருவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

"என்னங்க இது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"என்ற பேர்ல இருக்கற வண்டி" என்றார். "குடுக்கறன்."

"அடுத்த போகத்துக்கு என்ன பண்றதுங்க?"

"வாடகைக்குக் கூப்பிட்டுக்கலாம்."

ஈஸ்வரமூர்த்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன் முடிவா இருக்குதுங்க அண்ணி. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, மனசு ஒடஞ்சுரும்" என்றார்.

பிப்ரவரி 5, புதன்

வண்டியை எடுத்துப் போக ஒரு டிரைவர் வந்தார். டிரெய்லர் கொட்டகைக்குள் முன்பக்கமாக நின்றது, ஈஸ்வரமூர்த்தி மாட்டுத்தீவனம் ஏற்றிவந்து அப்படியே விட்டிருந்தார். பின்னால் எடுத்துத்தான் சந்து வழியாக ரோட்டுக்குக் கொண்டுபோக முடியும். இரண்டு பக்கமும் கல்லுக்கட்டு. அந்த ஆள் ஆறேழு தடவை எடுத்துப் பார்த்தார். டிரெய்லர் ஒவ்வொரு தடவையும் மடங்கிக் கல்லில் மோதியது. வண்டியை வாங்கின அந்தியூர்க்காரர் திட்டினார். சத்தம் கேட்டு நான்கு பேர் கூடிவிட்டார்கள்.

நான் கட்டிலைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் தகரம் உரசும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கியது. கடைசியில் என் பக்கம் திரும்பாமலே, "போய் எடுத்துக் குடு" என்றார்.

ஏறினேன். திரும்பி உட்கார்ந்து, கிளச்சை மெதுவாக விட்டேன். எழுபது அடிச் சந்து, நடுவில் ஒரு வளைவு. கல்லில் படாமல் ரோட்டுவரை கொண்டுபோய் நேராக்கி நிறுத்தினேன். கூடி நின்றவர்களில் யாரோ கை தட்டினார். இறங்கி அந்த டிரைவரிடம் சாவியைக் கொடுத்தேன். இறக்கத்தில் கிளச்சை மிதிக்காதீர்கள் என்று சொன்னேன். தெரியுமுங்க என்றார்.

உள்ளே வந்தபோது அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். தானாகத் திருப்ப முடிந்தது முகத்தை மட்டும்தான்.

பிப்ரவரி 19, புதன்

கஞ்சி அரை டம்ளர். காய்ச்சல் இருக்கிறது. புண்ணுக்குள் எலும்பு தெரிகிறது என்று நர்ஸ் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றார். அவர் வரமாட்டேன் என்கிறார். வற்புறுத்தினால் வாயை இறுக்கிக்கொள்கிறார்.

பிப்ரவரி 26, புதன்

என்னோடு பேசி ஒரு வாரம்.

மார்ச் 4, செவ்வாய்

அர்த்தனாரியண்ணனின் மேலக்காட்டில் கரும்பு வெட்டு. இரண்டு மணி நேரம் மட்டும் காய்ந்த கரும்புச் சோகையை உரிக்க வருகிறேன் என்று சொல்லிப் போனேன். வீட்டிலேயே இருந்தால் மூச்சு முட்டுகிறது. யாரோ வெளியூர்க்காரர் டிராக்டர் வந்திருந்தது. லோடின் மேல் இரண்டு பேர் நின்று கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருந்தார். வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது.

"வசந்தாக்கா, நீங்க ஓட்டுவீங்களாமே. ஒரு பத்தடி நகத்திக் குடுங்க" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேலே நின்ற இரண்டு பேரும்தான். அதில் ஒருவர் கயிற்றைக்கூடப் பிடிக்காமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றேன்.

அர்த்தனாரியண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கரும்பை எடுத்தார்.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து அவரை இடது பக்கம் திருப்பிப் புண்ணுக்கு மருந்து வைத்தேன். அவர் எப்போதும்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது, சொன்னேன்.

"மேஸ்திரி வண்டிய நகத்தச் சொன்னானுங்க. ஓட்டத் தெரியாதுன்னு சொல்லிட்டனுங்க."

அவர் தலையைத் திருப்பினார்.

"அர்த்தனாரி இருந்தானா?"

"இருந்தாருங்க."

"அவன் முன்னாடியேவா சொன்ன?"

"ஆமாங்க."

பிறகு பசிக்கிறது என்றார். கஞ்சியை எடுக்கப் போனேன். சோறு போடு என்றார். சோறும் கொள்ளுப் பருப்பும் பிசைந்து ஊட்டினேன். ஒரு மாதமாக அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் இறங்காதவர் முழுவதும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வை என்றார். வைத்தேன்.